உதவுகிறவரின் சந்தேகம்

ஒரு காருக்கு, அதை ஓட்டுகிறவர் எங்கே போக நினைக்கிறார் என்று எப்படித் தெரியும்?

விளையாட்டுக் கேள்வி மாதிரி இருக்கும். ஆனால் இன்று சாலையில் ஓடும் கோடிக்கணக்கான கார்களுக்குள் இதற்கு ஒரு திட்டவட்டமான பதில் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. ஸ்டீயரிங் எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறதோ, அதுவே ஓட்டுநரின் விருப்பம். அவ்வளவுதான். அவருக்குத் தூக்கம் வருகிறதா, பின்சீட்டில் குழந்தை அழுகிறதா, போகிற இடத்துக்குப் போக மனசே இல்லையா, இதெல்லாம் கணக்கில் வராது. ஸ்டீயரிங் தண்டில், ஹார்ன் பட்டனுக்குப் பின்னால் மறைவாக மாட்டியிருக்கும் ஒரு வளையம் 'இடது, 34 டிகிரி' என்கிறது. வண்டியின் கணினி அதை ஒரு மனிதரின் எண்ணமாக எடுத்துக்கொள்கிறது.

அந்த வளையத்துக்குப் பெயர் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சார். அதை நம்பி இயங்குவது எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், சுருக்கமாக ஈ.எஸ்.சி. நான் படித்தது மெக்கானிக்கல், பார்ப்பது சாஃப்ட்வேர் வேலை. தமிழ்நாட்டில் நடந்துபோகிற பத்துப் பேரை நிறுத்திக் கேட்டால் இரண்டு பேர் இதே கதையைச் சொல்வார்கள். கார் என் தொழில் இல்லை. ஆனாலும் இந்த ஒரு சென்சார் கெட்டுப்போனால் வண்டி என்ன செய்ய வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கியபோது, கேள்வி காரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. இன்னொருவருக்கு உதவக் கை நீட்டுகிற யாரும், நான் இவரைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று எப்போது தன்னைச் சந்தேகிக்க வேண்டும்? சந்தேகம் வந்துவிட்டால் நீட்டிய கையை என்ன செய்வது?

முதலில் ஈ.எஸ்.சி. செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மழை, ஒரு வளைவு. நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறீர்கள். டயருக்குப் பிடிமானம் இருந்தால், இந்த வேகத்தில் இவ்வளவு திருப்பினால் வண்டி நொடிக்கு இத்தனை டிகிரி சுழல வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. நான்கு சக்கரங்களை இரண்டாக மடித்து, காரை ஒரு சைக்கிளாகப் பாவித்துப் போடும் கணக்கு. 1940-இல் ரீகெர்ட், ஷுங்க் என்ற இருவர் ஜெர்மன் மொழியில் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. இன்றும் அதன் வாரிசுகள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. இது விருப்பம். இன்னொரு பக்கம், யா-ரேட் சென்சார் என்று ஒன்று, வண்டி பம்பரம்போலத் தன் அச்சில் உண்மையில் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று அளக்கிறது. இது நடப்பு. இரண்டும் ஒத்துப்போனால் எதுவும் நடக்காது. நினைத்ததைவிடக் குறைவாக வண்டி திரும்பினால் உள்பக்கப் பின்சக்கரத்தில் பிரேக். அதிகமாகத் திரும்பி வாலை வீசினால் வெளிப்பக்க முன்சக்கரத்தில் பிரேக். எவ்வளவு பெரிய ஓட்டுநராலும் செய்ய முடியாத காரியம் இது. அவர் காலுக்குக் கீழே இருப்பது நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பெடல்.

1995-இல் போஷ் தயாரித்து மெர்சிடஸ் பென்ஸ் தன் விலையுயர்ந்த கார்களில் பொருத்தியது. பணக்காரர்களின் சமாச்சாரமாகவே இருந்திருக்கக்கூடும். 1997 அக்டோபரில் ஸ்வீடனில் ஒரு பத்திரிகையாளர் அதே நிறுவனத்தின் குட்டிக் காரான ஏ-கிளாஸை ஓட்டிப் பார்த்தார். குறுக்கே மான் வந்தால் ஒடித்துத் திருப்புவோமே, அந்தச் சோதனை. கார் குப்புறக் கவிழ்ந்தது. நிறுவனம் விற்ற கார்களைத் திரும்ப அழைத்து, எல்லா ஏ-கிளாஸிலும் இந்தக் கருவியைப் பொருத்தியது. பத்தே ஆண்டில், 2007-இல், அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் இதைக் கட்டாயமாக்கும் விதியை வெளியிட்டபோது, எல்லா இலகுரக வாகனங்களிலும் இது இருந்தால் ஆண்டுக்கு 5,300 முதல் 9,600 உயிர்கள் வரை தப்பும் என்று மதிப்பிட்டது. அந்த எண்ணைப் பிறகு நாம் மறந்துவிடக் கூடாது.

இது உங்களைக் கேட்டுக்கொண்டு உதவுவதில்லை. நொடியில் சிறு பங்குக்குள் முடிவெடுத்து, பிரேக் பிடித்து, விட்டுவிடுகிறது. டேஷ்போர்டில் சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு இரண்டு தடவை மினுக்கும். பாதிப் பேர் அதைக்கூடக் கவனிப்பதில்லை. நல்லா ஓட்டினோம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அம்மாக்கள் செய்யும் உதவி இந்த வகை.

சரி, சிக்கலுக்கு வருவோம். விருப்பமும் நடப்பும் முரண்படுவதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கருவியே இருக்கிறது. ஆனால் ஸ்டீயரிங் சென்சார் தப்பாகச் சொன்னாலும் கணினிக்குத் தெரிவது அதே முரண்பாடுதான். ஒரு சாதாரண செடான் காருக்கான எண்களைப் போட்டுத் தாளில் கணக்குப் பார்த்தேன். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம், சென்சாரில் 12 டிகிரி பிழை. 12 டிகிரி என்பது கடிகாரத்தில் இரண்டு நிமிடம். ஸ்டீயரிங்கில் கொஞ்சம் கோணல், அவ்வளவுதான். ஆனால் கணக்கின்படி, வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 4 டிகிரி திரும்ப வேண்டும் என்று கணினி எதிர்பார்க்கும். சுமார் 400 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போவதற்கு இது சமம். நீங்கள் நேர்கோட்டில், பாட்டு கேட்டுக்கொண்டு, நிம்மதியாகப் போய்க்கொண்டிருக்கிறீர்கள். கணினியின் மனசில் நீங்கள் ஒரு வளைவில் திரும்ப முயன்று, முடியாமல் சறுக்கிக்கொண்டிருக்கிறீர்கள். அது பதறுகிறது. உங்களைக் காப்பாற்ற, நேராகப் போகும் வண்டியின் ஒரு சக்கரத்தை மட்டும் பிடிக்கப் பார்க்கிறது.

கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கணக்குப் பிழையும் இல்லை. சைக்கிள் கணக்கு சரி, யா-ரேட் சரி, பிரேக் சரி. நீங்கள் என்ன விரும்புகிறீர்கள் என்ற ஒரே ஒரு தகவல் தப்பு. வீடுகளில் நடக்கும் முக்கால்வாசி வன்முறைக்கு இதே வரைபடம்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 'அவ நல்லதுக்குத்தானே சொல்றோம்' என்று ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்துகிறவரிடம் பேசிப் பாருங்கள். அவருக்குள் எல்லாம் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருக்கும். அவள் எங்கே போக நினைக்கிறாள் என்ற அளவீடு மட்டும் 12 டிகிரி விலகியிருக்கும். அவள் நேராகப் போவதையே சறுக்கல் என்று எடுத்துக்கொண்டு பிரேக் போடுவார்.

அப்படியானால் சறுக்கலையும் பொய்யையும் எப்படிப் பிரிப்பது?

இந்திய மெய்யியலில் இதற்கு நேரான ஒரு சண்டை உண்டு. நமக்கு ஒரு அறிதல் வருகிறது. அது உண்மை என்பது எதிலிருந்து தெரிகிறது? அறிதல் வரும்போதே அதன் உண்மையும் சேர்ந்தே வருகிறது, பொய் என்பதைத்தான் வேறொன்று வந்து நிரூபிக்க வேண்டும் என்றார் மீமாம்சகரான குமாரிலபட்டர். இதற்கு ஸ்வதப் பிராமாண்யம் என்று பெயர். நியாயக்காரர்கள் ஒப்பவில்லை. உண்மை, பொய் இரண்டுமே வெளியிலிருந்துதான் தெரியவரும். அந்த அறிதலை நம்பிச் செயல்பட்டுப் பார், காரியம் பலித்தால் அது உண்மை என்றார்கள். தண்ணீர் போலத் தெரிகிறதா, போய்க் குடித்துப் பார்.

கார் கணினியால் முழு நியாயக்காரராக இருக்க முடியாது. சறுக்கும்போது குடித்துப் பார்க்க நேரமில்லை. அந்த அரை நொடியில் அது மீமாம்சகராகத்தான் இருந்தாக வேண்டும், சென்சார் சொன்னதை அப்படியே நம்ப வேண்டும். ஆகவே பொறியாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஒன்றுமே நடக்காத நேரத்தில் அதை நியாயக்காரராக ஆக்கிவிட்டார்கள். நெடுஞ்சாலையில் சும்மா போய்க்கொண்டிருக்கும்போது, பிடிமானம் நன்றாக இருக்கும்போது, வண்டி எவ்வளவு திரும்புகிறது என்பதைப் பல வழிகளில் கணக்கிடலாம். ஸ்டீயரிங் கோணத்திலிருந்து ஒன்று. யா-ரேட் நேரடியாகச் சொல்வது ஒன்று. வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாக உருளும், ஆகவே இடது வலது சக்கரங்களின் வேக வித்தியாசத்திலிருந்து ஒன்று. பக்கவாட்டுத் தள்ளலை வேகத்தால் வகுத்து ஒன்று. அமைதியான நேரத்தில் நான்கும் ஒரே எண்ணைச் சொல்லியாக வேண்டும். மூன்று ஒன்றுகூடி நாலாவது மட்டும் தனித்து நின்றால், அதன் பேரில் ஒரு குறிப்பு எழுதப்படுகிறது. நூறு கிலோமீட்டர் சலிப்பான பயணத்தில் ஒழுங்காகப் பேசிய சாட்சியைத்தான், ஆபத்தான அரை நொடியில் கேள்வி கேட்காமல் நம்புகிறது கணினி.

வேறு சோதனைகளும் உண்டு. மனிதக் கை ஒரு விநாடியில் இவ்வளவுதான் திருப்ப முடியும். சென்சார் சட்டென்று 200 டிகிரி தாவினால் அது கை இல்லை. வண்டி பாம்புபோல நெளிந்துகொண்டிருக்கும்போது ஸ்டீயரிங் எண் அசையாமலே நின்றால், அதுவும் சரியில்லை. சென்சாருக்குள்ளேயேகூட ஒரு ஏற்பாடு இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது. போஷின் வடிவமைப்பு ஒன்றில் ஸ்டீயரிங் தண்டோடு சுழலும் பெரிய பற்சக்கரம் இரண்டு குட்டிப் பற்சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஒன்றைவிட இன்னொன்றுக்கு ஒரு பல் அதிகம். ஆகவே இரண்டும் சற்றே வேறு வேகத்தில் சுற்றும். ஒவ்வொன்றும் தன் ஒரு சுற்றுக்குள் எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே அறியும். ஸ்டீயரிங் மொத்தம் எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்று எந்த ஒன்றுக்கும் தெரியாது. இரண்டின் வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அரைகுறையாகத் தெரிந்த இருவரை வைத்து முழுசாகத் தெரிந்துகொள்வது.

பொள்ளாச்சியில் இருக்கும் என் மாமாவின் கார் கதையை இந்த இடத்தில் சொல்ல வேண்டும். மாமாவுக்கு வால்பாறை எஸ்டேட்டுகளில் கான்ட்ராக்ட் வேலை. ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள், வாரத்துக்கு இரண்டு தடவை ஏறி இறங்க வேண்டும். போன தென்மேற்குப் பருவத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் அந்த மஞ்சள் விளக்கு வந்தது. மினுக்கவில்லை, நின்று எரிந்தது. மினுக்கினால் வேலை செய்கிறேன் என்று அர்த்தம். நின்று எரிந்தால் நான் விலகிக்கொண்டேன் என்று அர்த்தம். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டினார்கள். ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சார் என்று கோடு வந்தது. சென்சாரை மாற்றி, ஸ்டீயரிங்கைக் கண்ணளவில் நேராக வைத்து ஜீரோ செட் பண்ணி, இருபதாயிரத்துக்கு மேல் பில் போட்டுக் கொடுத்தார்கள். நாலாம் நாள் விளக்கு திரும்பவும் வந்தது.

இரண்டாம் தடவை அவர்கள் சொன்ன வாதம்: சென்சார் புதுசு. வயரிங் பார்த்தாச்சு, நல்லா இருக்கு. அப்ப கன்ட்ரோல் யூனிட்தான் போயிருக்கணும்.

மணிமேகலையில் அளவைவாதி பத்து அளவைகளைச் சொல்வான். அதில் மீட்சி என்று ஒன்று. இராமன் வென்றான் என்று கேட்டதும், அப்படியானால் இராவணன் தோற்றான் என்று அறிவது. கழித்துப் பார்த்து மிச்சத்தைப் பிடிப்பது. பழுது கண்டுபிடிக்கும் தொழில் முழுக்க இந்த அளவையில்தான் ஓடுகிறது, நான் செய்யும் சாஃப்ட்வேர் வேலை உட்பட. ஆனால் அந்த உதாரணம் பலிப்பதற்குக் காரணம் போர்க்களத்தில் எதிரெதிரே நின்றது இரண்டே பேர் என்பது. காரில் யார் யாரெல்லாம் நிற்கிறார்கள் என்ற பட்டியலே தப்பாக இருந்தால், மீட்சி மிக நேர்த்தியாக ஒரு நிரபராதியிடம் கொண்டுபோய் விடும். சென்சார், வயர், கணினி என்று அவர்கள் போட்ட பட்டியலில் இருந்தவை எல்லாம் மின்சாரம் ஓடும் பொருட்கள். இரும்பு அந்தப் பட்டியலிலேயே இல்லை.

அங்கே இருந்த ஒரு இளம் மெக்கானிக், கன்ட்ரோல் யூனிட் விலையைக் கேட்டு மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்து, தனியாகக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். "வண்டி நேராப் போறப்ப ஸ்டேரிங் எப்படி நிக்குதோ, அப்படியே வெச்சு ஜீரோ செட் பண்ணிறலாங் சார். லைட் வராது." மாமா கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டார். வியாழக்கிழமை மலை ஏற வேண்டியிருந்தது. எனக்கு போன் பண்ணி, "ஏன் மாப்ள, பண்ணிக்கலாமா?" என்றார். லைட்டை அணைக்கும்தான், ஆனா ஸ்டீயரிங் ஏன் கோணலா நிக்குதுன்னு யாரும் கேக்கலையே மாமா என்றேன். எனக்கும் அதற்குமேல் சொல்லத் தெரியவில்லை.

கோயமுத்தூர் ரோட்டில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனார். அவரிடமும் லேசர், கம்ப்யூட்டர் எல்லாம் இருந்தன. முதலில் அவர் அதையெல்லாம் தொடவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சமமான ரோட்டில் நேராக ஓட்டச் சொல்லி, ஸ்டீயரிங்கையே பார்த்துக்கொண்டு வந்தார். "வண்டி நேராத்தானுங்க போவுது. ஸ்டேரிங்தான் கோணலா நிக்குது. சென்சார் என்னுங்க பண்ணும், அது கண்டதச் சொல்லுது." தூக்கி வைத்துப் பார்த்தால் இடது பக்கம் டை ராடு வளைந்திருந்தது. பள்ளத்தின் வேலை. ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் இரும்புத் தண்டு அது. மாற்றி, அலைன்மென்ட் பார்த்து, பிறகு ஜீரோ செட் பண்ணினார்கள். சென்சாருக்கு ஆன செலவில் நாலில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

அதாவது முதல் சென்சார் ஒழுங்காகவே இருந்தது. வண்டி நேராகப் போகும்போது தண்டு நிஜமாகவே பத்துப் பன்னிரண்டு டிகிரி திரும்பியிருந்தது; அதை உள்ளபடி சொன்னது. மற்ற மூன்று சாட்சிகளும் 'நேர்' என்றன, அவையும் உண்மையே சொன்னன. நான்கு பேரும் உண்மை பேசியும் சாட்சியங்கள் முரண்பட்டன, ஏனென்றால் அவர்களுக்கு இடையே இருந்த ஒரு இரும்புத் துண்டு வளைந்துவிட்டது. கணினிக்கு அந்த இரும்பைப் பார்க்கக் கண் இல்லை. தனித்து நின்றவன் பெயரை எழுதியது. ஸ்கேனரில் வரும் கோடு ஒரு எஃப்.ஐ.ஆர். மட்டுமே; சர்வீஸ் சென்டரில் அதைத் தீர்ப்பாகப் படித்தார்கள். நாமும் அப்படித்தான் செய்தித்தாள் படிக்கிறோம்.

அந்த இளம் மெக்கானிக் சொன்ன வழியை நான் நிறைய நாள் யோசித்தேன். அவர் மோசடி எதுவும் செய்யப் பார்க்கவில்லை. சொல்லப்போனால் அவர் வழியில் ஈ.எஸ்.சி. சரியாகவே வேலை செய்திருக்கும். வண்டி நேராகப் போகும்போது பூஜ்யம் என்று சென்சார் சொல்ல வேண்டும், சொல்லியிருக்கும். பூஜ்யம் என்பது இயற்கையில் எங்கேயும் எழுதியிருப்பதில்லை, நாம் வைப்பதுதான். பிரச்சினை என்னவென்றால், வளைந்த தண்டு அப்படியே இருக்க, அது வளைந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே குரலும் நின்றிருக்கும். அடுத்த பள்ளத்தில் அந்தத் தண்டு என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. இருபத்தேழாவது வளைவில் அதைத் தெரிந்துகொள்ள யாரும் விரும்ப மாட்டார்கள். கோணலுக்கு ஏற்பப் பூஜ்யத்தை நகர்த்திக்கொள்வதில் ஒரு தனி நிம்மதி இருக்கிறது. அலுவலகங்களில் 'நம்ம டீம்ல இது நார்மல்' என்கிறோமே, ராத்திரி பதினொரு மணிக்கு வரும் போன் அழைப்பைப் பற்றி. விளக்கு வராது.

சென்சாரின் பூஜ்யம் நகர்ந்து, யாரும் கவனிக்காமல் போனதற்கு இதைவிடப் பெரிய கதை ஒன்று உண்டு. 2018 அக்டோபர் 29 அன்று ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் 610 விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். போயிங் 737 மேக்ஸ். மூக்கு அதிகமாக மேலே தூக்கிவிட்டால் விமானம் மிதக்கும் சக்தியை இழக்கும். அப்போது மூக்கைத் தானாகக் கீழே அழுத்த எம்காஸ் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. அதுவும் ஒரு உதவிக் கை. மூக்கு எந்தக் கோணத்தில் காற்றைச் சந்திக்கிறது என்று சொல்ல விமானத்தில் இரண்டு சென்சார்கள் உண்டு, இடது வலதாக. எம்காஸ் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே கேட்டது. விபத்துக்கு முந்தைய நாள் இடது சென்சாரை மாற்றியிருந்தார்கள். மாட்டியது ஏற்கெனவே பழுது பார்க்கப்பட்ட ஒன்று, சுமார் 21 டிகிரி தள்ளிக் காட்டியது. அதே விமானத்தின் முந்தைய பயணத்திலும் எம்காஸ் மூக்கை அழுத்தியது. அன்றைய விமானிகள் வால் பகுதியை நகர்த்தும் மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கையால் ஓட்டிப் பத்திரமாக இறக்கினார்கள். மறுநாள் காலை வந்தவர்களுக்கு, தங்களோடு இழுபறி நடத்துவது எது என்றே தெரியவில்லை. எம்காஸ் பற்றிய விளக்கம் அவர்கள் கையேட்டில் இல்லை. இரண்டு சென்சார்களும் முரண்படுகின்றன என்று காட்ட வேண்டிய எச்சரிக்கை, பெரும்பாலான விமானங்களில் வேலை செய்யாத நிலையில் இருந்தது. ஐந்தே மாதத்தில், 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியாவில் இன்னொன்று விழுந்தது. அதில் 157 பேர்.

அங்கே பக்கத்திலேயே இரண்டாவது சாட்சி இருந்தது. கூப்பிட்டுக் கேட்கவில்லை. தன் கை தப்பாக அழுத்துகிறதோ என்ற ஐயம் அந்த ஏற்பாட்டின் வடிவமைப்பிலேயே இல்லை. விமானி இழுக்க இழுக்க, சில நொடிகள் விட்டுவிட்டு மறுபடி அழுத்தியது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்த மஞ்சள் விளக்கின் அருமை தெரிகிறது. ஈ.எஸ்.சி. சந்தேகம் வந்தவுடன் விலகிவிடுகிறது. விலகினேன் என்றும் சொல்கிறது. பழுது வந்தால் விளக்குக் காட்டியே ஆக வேண்டும் என்று அமெரிக்க விதியே வைத்திருக்கிறது.

ஆனால் விலகுவது அவ்வளவு புனிதமானதா? நான் மறக்கக் கூடாது என்ற எண்ணுக்கு வருகிறேன். ஆண்டுக்கு 5,300 முதல் 9,600 உயிர்கள் என்றால், அந்தக் கருவி விலகி நிற்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு விலை உண்டு. தப்பாகப் பிரேக் பிடித்து ஒரு கார் கவிழ்ந்தால் அது செய்தி, வழக்கு. உதவி இல்லாததால் சறுக்கி விழுந்தால் அது மழை, விதி, 'ஸ்பீடா வந்திருப்பான்'. ஆகவே விலகிக்கொள்வது வடிவமைப்பாளருக்கு வசதியான தேர்வு என்று ஒருவர் சொன்னால் என்னால் எளிதாக மறுக்க முடியாது. செய்த தீங்குக்குத்தான் பொறுப்பு, செய்யாத நன்மைக்குப் பொறுப்பில்லை என்ற கணக்கை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் நல்லவர்களாகவே வாழ்ந்து முடிக்கிறார்கள்.

என் பதில் வேறு இடத்திலிருந்து வருகிறது. உதவி இல்லாத ஓட்டுநர் தனியாக இருக்கிறார், ஆனால் அவருக்குத் தன் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று ஓரளவு தெரியும். தப்பான உதவி பெறுகிறவர் இரண்டு எதிரிகளோடு போராடுகிறார், அதில் ஒன்று கண்ணுக்குத் தெரியாதது. ஆகவே விலகுவதைச் சரியாக்குவது, விலகினேன் என்று சொல்வது. சொன்னால் அவர் வேகத்தைக் குறைக்கலாம், மழை நிற்கக் காத்திருக்கலாம், வியாழக்கிழமைக்குப் பதில் வெள்ளிக்கிழமை போகலாம். விலகியதால் வரும் ஆபத்தைக் கையாளத் தேவையான ஒரே தகவலை அவர் கையில் கொடுத்தாகிவிட்டது. சொல்லாமல் விலகினால் அது கைவிடுவது. இவ்வளவு நாள் அந்த உதவியை நம்பி வேகத்தைக் கூட்டிக்கொண்டவரை இன்னும் மோசமாகக் கைவிடுவது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முழுசாக விலகுவதும் இல்லை. ஸ்டீயரிங் சென்சார் மேல் சந்தேகம் வந்தால் பெரும்பாலான கார்களில் ஏ.பி.எஸ். தொடர்ந்து வேலை செய்யும். பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பதற்கு, நீங்கள் எங்கே போக விரும்புகிறீர்கள் என்று தெரிய வேண்டியதில்லை. சக்கரம் சுற்றுகிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும். உங்கள் மனசைப் படித்துச் செய்த உதவியை மட்டும் நிறுத்திக்கொள்கிறது, மனசைப் படிக்கத் தேவையில்லாத உதவியைத் தொடர்கிறது. துக்க வீட்டில் இந்த வித்தியாசம் தெரிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இறந்தவர் மனைவியிடம் இனிமேல் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை பேசாமல், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டும் தண்ணீர் கேன் மாற்றிக்கொண்டும் இருப்பார்கள்.

சாஃப்ட்வேர்காரர்களுக்கு ஒரு சின்ன விஷயம். சென்சார் செத்துப்போனால் அந்த இடத்தில் என்ன எண்ணை அனுப்புவது? கை பழக்கத்தில் பூஜ்யம் என்று எழுதத் தோன்றும். ஆனால் ஸ்டீயரிங் விஷயத்தில் பூஜ்யம் ஒரு பதில்: நேராகப் போக விரும்புகிறார் என்று அர்த்தம். தெரியாது என்பதைப் பூஜ்யமாக எழுதினால், வளைவில் திரும்பிக்கொண்டிருக்கும் மனிதருக்கு நேராகப் போகும் ஆசையைக் கற்பித்துவிடுவோம். ஆகவே வாகன நெட்வொர்க்குகளில் தெரியாது என்பதற்கென்றே எண்களை ஒதுக்கிவைக்கிறார்கள். லாரி, பஸ்களில் புழங்கும் ஒரு தரநிலையில் இரண்டு பைட் அளவு என்றால் 65,535 வந்தால் தகவல் இல்லை என்று பொருள். வேறு எதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது. நாம் டேட்டாபேஸில் பார்க்கும் பழைய நல்லுக்கு அண்ணன்.

மாமா அந்தக் காரை இந்த வருடம் விற்றுவிட்டார். வாங்கினவரிடம் டை ராடு மாற்றியதையும் சொல்லித்தான் விற்றார், அதனால் ஐந்தாயிரம் குறைந்தது என்று இன்னும் புலம்புகிறார். எல்லோரும் மாமா இல்லை. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால் ஒன்று சொல்வேன். சாவியைத் திருப்புங்கள், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீர்கள், டேஷ்போர்டை மட்டும் பாருங்கள். ஆயில், பேட்டரி, ஏர்பேக் எல்லா விளக்குகளும் ஒரு சேர எரியும். தான் உயிரோடு இருப்பதை ஒவ்வொரு விளக்கும் காட்டும் நேரம் அது. சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கும் அவற்றோடு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் பேரம் பேசலாம், அலைன்மென்ட் கடைக்குக் கொண்டுபோகலாம். எரியவே இல்லையென்றால், யாரோ அதன் பின்னால் கைவைத்திருக்கிறார்கள். அந்த வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுங்கள்.